தட்டு நிற்கட்டும்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற முத்திரை ஆய்வர் பதில்

போன இதழில் எரிவாயு சிலிண்டரின் எடை பற்றி இரண்டு பத்தி எழுதினேன். வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்க வேண்டும், காலி சிலிண்டரின் எடை அதன் கழுத்துப் பக்கத்திலேயே எழுதியிருக்கும், கொண்டுவருகிறவரிடம் எடை போட்டுக் காட்டச் சொல்லலாம் என்று. அவ்வளவுதான் எழுதினேன். ஆசிரியர் ஒரு கட்டைப்பை நிறையக் கடிதங்களோடு வந்துவிட்டார்.

பாதிக் கடிதங்கள் ஒரே மாதிரி ஆரம்பிக்கின்றன: "சின்ன விஷயம்தான், ஆனாலும் கேட்கிறேன்." எதற்கு இந்தத் தயக்கம்? சின்ன விஷயத்துக்கென்றே அரசாங்கம் ஆள் வைத்து எனக்குச் சம்பளம் கொடுத்தது. முத்திரை ஆய்வர் என்றால் யாரென்று சிலர் கேட்டிருக்கிறார்கள். தொழிலாளர் துறையில் இருந்துகொண்டு, கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் சோதித்து முத்திரை போடுகிற ஆள். சந்தையில் எங்களைப் பார்த்ததும் "கல்லு ஆபீசர் வர்றார்" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குப் பிறகு எங்கள் கண்ணில் படும் கற்கள் எல்லாம் நல்ல கற்களாகவே இருக்கும்.

சரி, கேள்விகளுக்கு வருவோம்.

ஸ்வீட் கடையில் ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கினால் அட்டைப்பெட்டியோடு சேர்த்து நிறுக்கிறார்கள். கேட்டால் "எல்லாக் கடையிலும் இப்படித்தான்" என்கிறார்கள். பண்டிகை நேரத்தில் இதற்கெல்லாம் சண்டை போடலாமா?
*வாசகி, ராஜபாளையம்*

சண்டை வேண்டாம். "பெட்டியை வெச்சு டேர் போட்டுடுங்க" என்று ஒரு வாக்கியம் போதும். மின்னணுத் தராசில் டேர் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. காலிப் பெட்டியைத் தட்டில் வைத்து அதை அமுக்கினால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்குமேல் வைக்கிறதெல்லாம் இனிப்பின் எடை. இரண்டு விநாடி வேலை.

கணக்கைப் பாருங்கள். இனிப்பு கிலோ 600 ரூபாய், பெட்டி 90 கிராம் என்று வைத்துக்கொண்டால் பெட்டிக்கு நீங்கள் கொடுத்தது 54 ரூபாய். அந்த விலைக்கு அட்டைப்பெட்டி எங்கும் விற்பதில்லை. எடை என்றால் பொருளின் நிகர எடை, பொதி சேராது. சட்டம் அதுதான். பெட்டிக்குக் காசு வேண்டுமென்றால் பெட்டிக்கு இவ்வளவு என்று பில்லில் தனியாகப் போடட்டும், கொடுக்கலாம்.

இது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த நுணுக்கம் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அவர்களை நான் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போகச் சொல்வேன். ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த நகைகளின் கணக்கு அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பொன்னை நிறுக்க 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட எடைக்கல், மணிகள் பதித்த நகைகளை நிறுக்க 'தக்ஷிணமேரு விடங்கன்' என்று இன்னொன்று. எடைக்கல்லுக்கே சாமி பேர் வைத்திருக்கிறார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, முத்துக் கோத்த சரட்டைக் கழித்துவிட்டு எடை எடுத்தோம் என்று பல இடங்களில் பதிவு செய்திருப்பது. அரக்கு சேர்ந்த எடை என்றால் அரக்கு உட்பட என்றும் சொல்லிவிடுகிறார்கள். கொடுத்தவர் பேரரசர், வாங்கிக்கொண்டவர் பெருவுடையார். இரண்டு பேரும் சரட்டின் எடையைக் கேட்டிருக்கப் போவதில்லை. இருந்தும் கழித்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன் சரட்டைக் கழித்த ஊரில், ஸ்வீட் கடைக்காரர் அட்டையைக் கழிக்க அலுத்துக்கொள்கிறார்.

எங்கள் தெருவுக்குப் புதிதாக வரும் பூக்காரம்மாவின் முழம் ரொம்பச் சின்னது. இதற்கு உங்கள் சட்டம் என்ன சொல்கிறது?
*வாசகி, திண்டுக்கல்*

சட்டம் முழத்தையே ஒத்துக்கொள்வதில்லை அம்மா. 1956-ல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் கொண்டுவந்த பிறகு படி, வீசை, கெஜம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கடையை விட்டுப் போயின. பூக்கடை முழம் மட்டும் போகவில்லை. நானும் அதைத் துரத்தப் போனதில்லை. பூக்காரம்மாவின் முழங்கையில் எங்கே முத்திரை போடுவது?

முழம் சின்னதாக இருப்பது நேர்மைக் குறைவு ஆகாது, கை சின்னது. ஒரே கையை எல்லாருக்கும் ஒரே மாதிரி வைக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். சிலர் அளக்கும்போது முழங்கையை லேசாக மடக்குவார்கள், அல்லது சரத்தைத் தளர்வாகக் கட்டி நீளத்தைக் கூட்டுவார்கள். இரண்டு பூவுக்கு நடுவே நார் தெரிந்தால் முழத்தில் பிரயோஜனமில்லை. உதிரிப்பூவாக எடையில் வாங்கி வீட்டில் கட்டிக்கொள்ளுங்கள், மல்லிகை விலை தெரிந்த பிறகு அந்தம்மாவின் முழம் பெரிதாகத் தெரியும்.

சின்ன ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். துவரம்பருப்பு கிலோ 140 ரூபாய்க்கு, எடை சுத்தமாகப் போட்டு விற்கிறேன். எதிர்க்கடையில் 136. அங்கே கிலோவுக்கு 50 கிராம் குறைகிறது என்பது எனக்குத் தெரியும், வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. கூட்டம் அங்கேதான். சரியாக இருந்து நான் என்ன கண்டேன்?
*வாசகர், தேனி மாவட்டம்*

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதலில் கணக்கு. 136 ரூபாய்க்கு 950 கிராம்தான் கிடைக்கிறது என்றால் முழுக் கிலோவின் விலை 143 ரூபாய்க்கு மேல் வருகிறது. மலிவான கடை உங்களுடையதுதான். ஆனால் விலை பலகையில் இருக்கிறது, எடை பலகையில் இல்லை. ஜனங்கள் கண்ணுக்குத் தெரிவதைப் பார்த்துப் போகிறார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அதனால் எடையையும் கண்ணுக்குத் தெரிய வையுங்கள். உங்கள் தராசில் பின்பக்கம் வாடிக்கையாளருக்காக இன்னொரு எண்பலகை இருக்கும். பெரும்பாலான கடைகளில் அதற்கு முன்னால் ஊறுகாய் பாட்டிலும் மிட்டாய் ஜாடியும் அடுக்கியிருப்பார்கள். நல்ல கடைக்காரர்களும் இடம் இல்லாமல் அப்படி வைத்துவிடுகிறார்கள். அதை எடுங்கள். முத்திரை போட்ட ஒரு கிலோ இரும்புக் கல் ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள். சந்தேகம் உள்ளவர் எடுத்துத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். முத்திரைச் சான்றிதழை எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி மாட்ட வேண்டும் என்பது விதி. அதை லாட்டரிக் காலத்துக் காலண்டருக்குப் பின்னால் மாட்டியிருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள்.

எதிர்க்கடைக்காரரைப் பற்றி வாடிக்கையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். பொறாமை என்றுதான் காதில் விழும். துறைக்கு எழுதுங்கள், அல்லது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். சோதனைக் கொள்முதல் என்று ஒரு முறை இருக்கிறது. சாதாரண ஆள் போல ஒருவர் போய்ப் பொருள் வாங்கி, பில் போட்டு முடித்த பிறகு நிறுத்துப் பார்ப்பது. கல்லு ஆபீசர் வருகிறார் என்று சந்தையில் குரல் எழும்பும் முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. எடைக் குறைவில் மாட்டிய கடைக்காரர் ஒருவர்கூட என்னிடம் "ஏமாற்றினேன்" என்று சொன்னதில்லை. "மூட்டையிலேயே குறைச்சலா வருது சார்." இதுதான் அதிகம் கேட்ட பதில். அடுத்தது "சேதாரம் சார்." அப்புறம் "பாதிப் பேர் கடன் சொல்றாங்க, நான் எங்கே போறது." இதில் பொய் இல்லை. மூட்டையில் குறைவது உண்மை, கடன் நிற்பதும் உண்மை. ஒரு மூட்டையில் ஒரு கிலோ குறைகிறது. மொத்த வியாபாரியிடம் கேட்டால் அடுத்த தடவை சரக்கு தரமாட்டாரோ, கடன் நாளைக் குறைத்துவிடுவாரோ என்று பயம். அதனால் அந்த ஒரு கிலோவை இருபது வீடுகளுக்கு ஐம்பது ஐம்பது கிராமாகப் பங்கு வைத்துவிடுகிறார். மேலே கேட்கத் துணியாதவர் கீழே கை வைக்கிறார். நான் பார்த்த எடைக் குறைவில் பெரும்பகுதி பேராசையில் வந்ததல்ல, இந்தப் பயத்தில் வந்தது. ஆனால் மூட்டை சரியாக வந்த வாரத்திலும் அந்த ஐம்பது கிராம் திரும்பி வருவதில்லை. அங்கேதான் அவருடைய நியாயம் தீர்ந்துபோகிறது.

உங்களுக்கும் மூட்டை குறைவாக வந்திருக்கும். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. இறக்கும்போதே ஒரு மூட்டையை எடுத்து நிறுத்துப் பாருங்கள், இறக்குகிற ஆளின் முன்னாலேயே. கூட்டம் திரும்பி வருமா என்று கேட்டால் நான் உறுதி தரமாட்டேன். நாலு ரூபாய்க்காகப் போகிறவர் போகத்தான் செய்வார்.

காய்கறி வாங்கும்போது கறிவேப்பிலை, கொத்தமல்லி கொசுறு கேட்பது நேர்மையா?
*வாசகர், கோவில்பட்டி*

கேட்டு வாங்குவது கொசுறு. கேட்காமல் எடுப்பதற்கு வேறு பேர். தட்டு நின்று, விலை சொல்லி முடித்த பிறகு, "இது இருக்கட்டும்" என்று இரண்டு தக்காளியைப் பையில் போட்டுக்கொள்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இவர்களே மறுநாள் தராசு சரியில்லை என்று எனக்கு மனு எழுதுவார்கள். கடலைக் கடையில் 'ருசி பார்க்க' ஒரு பிடி அள்ளுகிறவர்களும் இதே ரகம்தான்.

சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்ட பெண் ஒரு கடலைமாவு பாக்கெட்டை விட்டுவிட்டார். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன். "அவ்வளவு பெரிய கடைக்கு இது ஒரு நஷ்டமா?" என்கிறார் என் மகள். திரும்பிப் போகவா?
*வாசகி, மதுரை*

இன்றே கொதித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. அடுத்த தடவை போகும்போது பழைய பில்லைக் காட்டி அந்தப் பாக்கெட்டுக்குக் காசு கொடுத்துவிடுங்கள்.

மகளுக்கு ஒன்று சொல்லுங்கள். பெரிய கடைக்கு அது நஷ்டமில்லை என்பது சரி. ஏனென்றால் சில இடங்களில் அந்த நஷ்டம் கடைக்குப் போவதே இல்லை. சரக்குக் கணக்கு எடுக்கும்போது குறைந்ததை அந்தப் பிரிவில் நிற்கிற பிள்ளைகள் தலையில் பிரித்துப் போடுகிறார்கள். கல்லாவில் காசு குறைந்தால் பில் போட்ட பெண்ணின் சம்பளத்தில் கை வைக்கிற இடங்களும் உண்டு. நாள் முழுக்க நின்றே வேலை பார்க்கிற பெண் அவர். உங்கள் மகளுக்குக் கடையின் பெயர்ப்பலகை கண்ணுக்குத் தெரிகிறது, பில் போட்டவர் தெரியவில்லை.

காசு கொடுக்கும்போது மேலாளரைக் கூப்பிட்டு, "உங்கள் ஊழியர் விட்டுவிட்டார்" என்று உரக்கச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் நேர்மைக்கு அந்தப் பெண் திட்டு வாங்கக்கூடாது. அமைதியாக அவரிடமே சொல்லிப் பில் போட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பேப்பர் போடும்போது கைத்தராசில் எப்போதும் குறைவாகவே காட்டுகிறது. ஒரு மாதப் பேப்பர் மூன்று கிலோகூட வரவில்லை. ஏழை வியாபாரியிடம் இதைக் கேட்பது அற்பமாகத் தோன்றுகிறது.
*வாசகர், விருதுநகர்*

பேப்பர் வியாபாரத்தில் தராசு திரும்பி நிற்கிறது. விற்கிறவர் நீங்கள், நிறுக்கிறவர் வாங்குகிறவர். அவருக்கு எடை குறைவாகக் காட்ட வேண்டும். இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது, விற்க ஒரு கல், வாங்க ஒரு கல். விற்கிற கல் லேசாக இருக்கும், வாங்குகிற கல் கனமாக இருக்கும்.

எடைக்கல்லைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் ஒரு குழி, குழியில் ஈயம், ஈயத்தின்மேல் எங்கள் முத்திரை. தயாரிக்கும்போது எடையைத் துல்லியமாக்க அந்த ஈயத்தைக் கூட்டிக் குறைப்பார்கள். திருடுகிறவரும் அங்கேதான் கை வைப்பார். லேசாக்க ஈயத்தைச் சுரண்டுவார், கனமாக்க மேலே உருக்கி ஊற்றுவார். இரண்டிலும் முத்திரை அழிந்துபோகும். வழுவழுவென்று இருக்கிற ஈயத்தைப் பார்த்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். முத்திரையில் ஆண்டும், எந்தக் காலாண்டு என்பதற்கு ஓர் எழுத்தும் இருக்கும். கல்லுக்கும் சாதாரணத் தராசுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை, மின்னணுத் தராசுக்கு வருஷா வருஷம்.

உங்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை எடுத்து வந்து, "அண்ணே, முதல்ல இதை ஒரு தடவை போடுங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். பாக்கெட் 800 கிராம் காட்டினால் அவரும் சிரிப்பார், பேப்பருக்கும் சரியான எடை வரும். இதில் அற்பம் ஒன்றுமில்லை.

ஏழை என்று விட்டுக்கொடுக்க நினைத்தால் தாராளமாக விட்டுக்கொடுங்கள். எடையைச் சரியாகப் போடச் சொல்லி, கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுத்ததாக இருக்கும். இப்போது நடப்பது அவர் எடுத்துக்கொள்வதும், நீங்கள் தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பதும். அதில் அவருக்கும் மரியாதை இல்லை.

ஒரு மாதப் பேப்பர் மூன்று கிலோ வரவில்லை என்பதற்கு மட்டும் தராசைக் குற்றம் சொல்லாதீர்கள். எத்தனை பத்திரிகை, எத்தனை பக்கம் என்று நீங்கள் எழுதவில்லை.

இவ்வளவு பேசுகிறீர்களே, பணியில் இருந்தபோது நீங்கள் 'வாங்கியதே' இல்லையா?
*பெயர் எழுதாத வாசகர்*

இல்லை. என் வார்த்தையை நம்புங்கள் என்று கேட்கப் போவதில்லை, கேட்கிற உரிமையும் எனக்கில்லை. உங்கள் ஊருக்கு வந்த ஆய்வரைப் பற்றி உங்களுக்கு வேறு அனுபவம் இருந்தால் அதுவும் நிஜமாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் சொல்வேன். இந்த வேலையில் பணத்தை யாரும் முதலில் நீட்டுவதில்லை. முதலில் டீ வரும், அடுத்த வருஷம் தீபாவளிக்குப் பெட்டி வரும். மூன்றாவது வருஷம் பெட்டியில் இனிப்போடு வேறு ஏதாவது இருக்கும். டீயிலேயே நிறுத்துவது சுலபம், பெட்டியில் நிறுத்துவது கஷ்டம். டீ குடித்தால் காசு வைத்துவிட்டு எழுந்திருப்பேன். அதற்கு எனக்குத் தலைக்கனம் என்று பெயர் வந்தது. அந்தப் பெயரோடு நிம்மதியாகவே ஓய்வு பெற்றேன்.

பெட்ரோல் பங்கில் 100, 200 என்று போட்டால் குறையும், 110, 210 என்று கேட்டால் சரியாக இருக்கும் என்கிறார்களே?
*வாசகர், சிவகாசி*

இதை யார் கிளப்பிவிட்டார்களோ. என் வீட்டம்மாவும் 110-க்குத்தான் போடச் சொல்வார். பம்ப் ரூபாயை அளப்பதில்லை, லிட்டரை அளக்கிறது. அளவு தவறாக இருந்தால் 100-க்கும் தவறு, 110-க்கும் அதே வீதத்தில் தவறு.

எண்ணை மாற்றுவதைவிடக் கண்ணை மாற்றாமல் இருங்கள். போடும் முன் திரையில் பூஜ்யம் இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சுக் கொடுத்துக்கொண்டே முந்தின வண்டியின் எண்ணிலிருந்து தொடர்வது பழைய வித்தை. நடுவில் நிறுத்தி மறுபடி தொடர்ந்தால், எங்கே நின்றது எங்கே ஆரம்பித்தது என்று கவனியுங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் "அஞ்சு லிட்டர் அளவுக் கேனை எடுங்க" என்று கேட்கலாம். முத்திரை போட்ட அந்தக் கேன் ஒவ்வொரு பங்கிலும் இருக்க வேண்டும், கேட்டால் ஊற்றிக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரை கூடலாம், குறையலாம். அதற்குமேல் குறைந்தால் புகார் செய்யலாம். ஊற்றியதைத் திரும்ப அவர்கள் தொட்டியில் ஊற்றிக்கொள்வார்கள், உங்களுக்குச் செலவில்லை. பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும், அவர்களுக்கும் சேர்த்துத்தான் பார்க்கிறீர்கள்.

ரயிலில் போகும்போது 12 வயது முடிந்த பேரனுக்கு 11 என்று சொல்லி அரை டிக்கெட் எடுக்கச் சொல்கிறான் என் மகன். பேரனிடமும் "யார் கேட்டாலும் 11-னு சொல்லு" என்று சொல்லி வைத்திருக்கிறான். குடும்பத்தில் நான் மட்டும்தான் எதிர்க்கட்சி.
*வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்*

உங்கள் கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் மகனிடம் விதியைச் சொல்லுங்கள். 5 வயது நிறைந்து 12 நிறையாத பிள்ளைக்கு, தனிப் படுக்கை வேண்டாம் என்றால்தான் அரைக் கட்டணம். படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். ராத்திரி வண்டியில் 12 வயதுப் பையனை உங்கள் காலடியில் சுருட்டிப் படுக்க வைத்துக்கொண்டு போகப் போகிறானா? லாபமே இல்லாத பொய் இது.

முன்பதிவில்லாத பெட்டி என்றால் கொஞ்சம் லாபம் இருக்கிறது. ஆனால் இதில் பொய் சொல்லப் போகிறது உங்கள் மகன் இல்லையே. டிக்கெட் பரிசோதகர் பையனைப் பார்த்துத்தான் கேட்பார். அவன் வகுப்பில் எல்லாரும் 12 ஆனதைக் கொண்டாடிக்கொண்டிருப்பார்கள், இவன் முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் 11 ஆக வேண்டும். அடுத்த கேள்வியாக "எந்த வருஷம் பிறந்தே?" என்று கேட்டால் அவன் அப்பா முகத்தைப் பார்ப்பான். பரிசோதகருக்கு அது போதும்.

வித்தியாசப் பணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள், தாத்தா. ஆனால் பேரனுக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். தெரிந்தே கொடுங்கள்.

பேருந்து நிலையக் கடையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலுக்கு 'கூலிங் சார்ஜ்' என்று இரண்டு ரூபாய் கூட வாங்குகிறார்கள்.
*வாசகர், பழனி*

வாங்கக்கூடாது. அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லாம் அடக்கம், குளிர்ச்சியும் அடக்கம். உட்கார வைத்துப் பரிமாறுகிற ஓட்டல் விஷயம் வேறு. அங்கே கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பேருந்து நிலையக் கடையில் உங்களை யாரும் உட்கார வைப்பதில்லை. கேளுங்கள். "பஸ் கிளம்பிடும்" என்கிற உங்கள் அவசரம்தான் அந்த இரண்டு ரூபாய்.

சந்தையில் மாற்றிய 500 ரூபாய் நோட்டு கள்ள நோட்டாகிவிட்டது. பெட்ரோல் பங்கில் மெஷின் காட்டிக்கொடுத்தது. "கூட்டமான கடையில் தள்ளிவிடு, நாமா அடித்தோம்?" என்கிறார் கணவர். எனக்கு 500 என்பது இரண்டு நாள் கூலி.
*வாசகி, உசிலம்பட்டி*

இதற்கு லேசான பதில் என்னிடம் இல்லை. உங்கள் மேல் தவறில்லை, ஆனாலும் நஷ்டம் உங்களுக்குத்தான். வங்கியில் கொடுத்தால் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு ரசீது தருவார்கள், பணம் திரும்ப வராது. போலீஸ் பயம் வேண்டாம். ஒரு தடவையில் நாலு நோட்டு வரை வந்தால் வங்கி மாதக் கணக்கில் காவல்துறைக்குத் தெரிவிக்கும், அவ்வளவுதான். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால்தான் வழக்குப் பதிவு.

தெரியாமல் வாங்கியது குற்றமில்லை. கள்ள நோட்டு என்று தெரிந்த பிறகு தள்ளிவிடுவது குற்றம். அதுவும் சின்னக் குற்றம் இல்லை. உங்கள் கணவர் சொல்கிற 'கூட்டமான கடை' எது என்று யோசியுங்கள். மெஷின் வைத்திருக்கிற நகைக்கடையில் தள்ள முடியாது. கூட்டத்தில் நோட்டைத் தடவிப் பார்க்க நேரமில்லாத கீரைக்காரம்மா, இளநீர்க்காரர், உங்களைப் போல ரெண்டு நாள் கூலிக்காரர், இவர்களிடம்தான் போகும். சந்தையில் உங்களிடம் தள்ளியவரும் உங்களைப் பார்த்து அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்.

வங்கியில் கொடுத்துவிடுங்கள். இனி சந்தையில் 500 ரூபாய் நோட்டு வாங்கும்போது வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குங்கள். காந்தி படத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் நீரோட்டப் படம் தெரியும். பச்சை நூலிழையைச் சாய்த்தால் நீலமாகும். கொடுக்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

நகைக்கடைக் கேள்விகள் மட்டும் தனியாக ஒரு கட்டு சேர்ந்திருக்கிறது. கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழிப்பது, சேதாரம், பழைய நகை மாற்றுவது எல்லாம் அடுத்த இதழில். எழுதுகிறவர்கள் பில்லின் நகலை இணைத்தால் நல்லது. கடையின் பெயரை மட்டும் பேனாவால் அடித்துவிடுங்கள், ஆசிரியர் பயப்படுகிறார்.